தோழர் அழகிரியை நினைப்பது எப்படி?

மார்ச்சு மாதம் 28-ந் தேதி வந்தால் நம் தோழர்கள் பல ஊர்களில் பட்டுக்கோட்டை அழகிரிசாமி அவர்களின் படத்தை எடுத்து வைத்து மாலை போடுகிறார்கள். ஒலிபெருக்கி வைத்து நாலு பேர் பேசுகிறார்கள். அஞ்சா நெஞ்சன் என்கிறார்கள். கை தட்டுகிறார்கள். பிறகு படத்தைத் துடைத்துப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் அதே படம், அதே ஆணி. இதைப்பற்றி நாம் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம். சொல்லுவது சிலருக்குக் கசப்பாகத்தான் இருக்கும். கசக்கிறது என்பதற்காக எந்த வைத்தியனும் மருந்தை மாற்றிக் கொடுப்பதில்லை.

அழகிரிசாமி யார் என்று கேட்கிற வாலிபர்கள் இப்போது அநேகர் இருக்கிறார்கள். கேட்பதில் குற்றமில்லை, சொல்லாமல் இருப்பவர்கள்மீதுதான் குற்றம். அவர் 1900-ம் வருஷம் ஜூன் மாதம் 23-ந் தேதி பிறந்தவர். சிலகாலம் பட்டாளத்தில் இருந்தவர். சுயமரியாதை இயக்கம் தோன்றிய காலத்திலேயே அதில் சேர்ந்து, செத்துப்போகிற வரையில் அதைத் தவிர வேறு தொழில் என்று ஒன்றை வைத்துக்கொள்ளாதவர். பெரிய படிப்பாளி என்றோ, பெரிய மிராசு என்றோ, பட்டம் பதவி பெற்றவர் என்றோ அவரைப்பற்றி யாரும் சொல்லமுடியாது. அவரிடத்தில் இருந்தது ஒரு குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு துணிவு. 1938-ல் திருவாரூரில் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த மு. கருணாநிதி இந்த அழகிரிசாமியின் பேச்சைக் கேட்டுத்தான் பொதுவாழ்வுக்கு வந்ததாக, பிற்காலத்தில் தாமே பலமுறை சொல்லியும் எழுதியும் இருக்கிறார். இப்படி ஊர் தெரியாத, பேர் தெரியாத எத்தனை பையன்கள் அந்தக் கூட்டங்களில் தரையில் உட்கார்ந்திருந்தார்களோ, அதற்குக் கணக்கு வைத்தவர் யாரும் இல்லை.

அதே 1938-ல்தான் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு படை நடந்தே போயிற்று. ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி புறப்பட்டு செப்டம்பர் 11-ந் தேதி சென்னை போய்ச் சேர்ந்தது. நாற்பத்திரண்டு நாள். 234 கிராமங்கள், 60 பட்டணங்கள். ஏறக்குறைய நூறு பேர். குமாரசாமிப் பிள்ளை அதற்குத் தலைவர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் கூடவே நடந்தார். அழகிரிசாமி படையை நடத்திச் சென்றார். பட்டாளத்தில் கற்ற நடையை அவர் வேறு எதற்கும் உபயோகப்படுத்தியதாக நமக்குத் தெரியவில்லை, இதற்கு உபயோகப்பட்டது. நூறு பேர் ஒரு மாதத்துக்குமேல் வெயிலில் நடந்துபோனால் அவர்களுக்குப் பகலில் சோறும் இரவில் படுக்க இடமும் வேண்டாமா? எந்த மடம் கொடுத்தது? எந்தக் கோவில் மடைப்பள்ளி திறந்தது? வழியிலிருந்த ஊர்க்காரர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

இங்கேதான் நாம் முக்கியமாகச் சொல்லவேண்டிய சங்கதி இருக்கிறது. அந்தக் காலத்துப் பிரசாரகர் என்பவர் இந்தக் காலத்துப் பேச்சாளரைப்போல மோட்டாரில் வந்து, மேடையில் ஏறி, இறங்கி, மோட்டாரில் போய்விடுகிறவர் அல்ல. அவருக்கு ஓட்டல் இல்லை, விடுதி இல்லை. ரயிலைவிட்டு இறங்கினால் ஒரு தோழர் வீட்டுத் திண்ணை. அந்த வீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் சாப்பாடு. பழையதும் உண்டு, கருவாட்டுக் குழம்பும் உண்டு, ஒன்றும் இல்லாத நாளும் உண்டு. இரவு கூட்டம் முடிந்து வந்தால் வீட்டுப் பெண்கள் விழித்திருந்து சோறு போடுவார்கள். காலையில் குழந்தைகள் வந்து மடியில் உட்காரும். புருஷன் பெண்சாதி சண்டையைத் தீர்ப்பது, பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுவது, விதவைப் பெண்ணுக்கு மறுமணம் செய்யச் சொல்லி அவள் தகப்பனாரோடு விடிய விடிய வாதாடுவது, இவ்வளவும் பிரசாரகர் வேலைதான். மேடையில் பேசியதைக் காட்டிலும் திண்ணையில் பேசியதால் மாறின குடும்பங்கள் அதிகம் என்பது நமது அபிப்பிராயம். ஆகவே அழகிரிசாமி போன்றவர்களை "தலைவர்" என்று எழுதுவது நமக்குப் பொருத்தமாகப் படவில்லை. பல ஊர்களில், பல வீடுகளில், அவர்கள் அந்த வீட்டு மனிதர்கள்.

அதற்கு ஒரு ருஜுவும் இருக்கிறது. நம் நாட்டில் பிள்ளைக்குப் பேர் வைப்பது எப்படி? பாட்டன் பேரைப் பேரனுக்கு வைப்பார்கள். பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று. இல்லாவிட்டால் குலதெய்வத்தின் பேர். இந்த இரண்டையும் விட்டுவிட்டு, இரத்த சம்பந்தமில்லாத, ஜாதி சம்பந்தமில்லாத ஒரு சிநேகிதர் பேரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கத்தைக் குடும்பங்களுக்குள் பரவச் செய்தது நம் இயக்கம். 1940-ல் சர் ஏ.டி. பன்னீர்செல்வம் இறந்தபின் பிறந்த பன்னீர்செல்வங்கள் எத்தனை பேர்! 1951-ம் வருஷம் ஜனவரியில் கருணாநிதிக்கு ஒரு பிள்ளை பிறந்தபோது அதற்கு அழகிரி என்று பேர் வைத்தார். அழகிரி செத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தாத்தா பேரை வைத்தால் சொத்து வரும், சாமி பேரை வைத்தால் புண்ணியம் வரும் என்பார்கள். அழகிரி பேரை வைத்தால் என்ன வரும்? ஒன்றும் வராது. ஒன்றும் வராது என்று தெரிந்து வைக்கிற பேருக்குத்தான் அன்பு என்று அர்த்தம்.

இது நிற்க. அந்த அழகிரி எப்படிச் செத்தார் என்பதைப் பார்ப்போம்.

க்ஷயரோகம். இப்போது காசநோய் என்கிறோம். 1948-ம் வருஷம் அக்டோபரில் ஈரோட்டில் திராவிடர் கழகத்தின் தனி மாநாடு நடந்தபோது, அந்த நோயோடு வந்து, எழுந்து நிற்கச் சக்தியில்லாத நிலையிலும் மேடையேறிப் பேசினார். அதற்குப்பின் ஐந்து மாதம்தான் இருந்தார். கையில் காசில்லை, கடன் இருந்தது, குடும்பம் இருந்தது. இருபது வருஷத்துக்குமேல் ஊர் ஊராகப் பேசி அவர் சேர்த்த சொத்து அதுதான்.

அப்போது இரண்டு பேர் நடந்துகொண்ட விதத்தை நாம் எல்லோரும் மனதில் வைக்கவேண்டும். ஒருவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அவர் 1944 கடைசியில் கொலை வழக்கொன்றில் கைதாகி, சிறையில் இருந்து, மேல் அப்பீலுக்கு லண்டன் வரை போய், 1947-ல்தான் விடுதலையானவர். சம்பாதித்ததையெல்லாம் வழக்குக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். அப்படிப்பட்டவர் அழகிரியின் வைத்தியத்துக்குக் கைகொடுத்தார். இன்னொருவர் சி.என். அண்ணாதுரை. தம்மைக் கூட்டத்துக்கு அழைக்க வருகிறவர்களிடம், முதலில் அழகிரிக்கு மணியார்டர் அனுப்பிவிட்டு அந்த ரசீதைக் கொண்டுவந்து காட்டவேண்டும், அதற்குப் பிறகுதான் தேதி என்று அவர் ஒரு நிபந்தனை வைத்தார்.

தோழர்களே! இந்த ரசீதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அழகிரியின் தியாகத்தைப்பற்றி அண்ணாதுரை மூன்று மணி நேரம் பேசியிருக்க முடியும். கேட்கிறவர்களை அழவைத்திருக்கவும் முடியும். தமிழில் அவருக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவா? ஆனால் அழுகையைக் கொண்டு ஊசி மருந்து வாங்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே உதவியை மனதுக்கு விடாமல் காகிதத்தில் கேட்டார். தபால் ஆபீஸ் முத்திரை போட்ட காகிதம். அதில் பொய் சொல்ல முடியாது.

இங்கே இடையில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தவேண்டியிருக்கிறது. நம் பேச்சாளர்களில் பலர், "அழகிரி பேசிப் பேசியே நெஞ்சு வெந்து செத்தார்" என்று சொல்லுகிறார்கள். கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் அது மூடநம்பிக்கை. பகுத்தறிவுக்காரர் மேடையில் சொல்லப்படுவதால் அது பகுத்தறிவு ஆகிவிடாது. க்ஷயரோகம் பேசுவதால் வருவதில்லை. முன்ஜன்ம வினையாலும் வருவதில்லை. ஏழரை நாட்டுச் சனியாலும் வருவதில்லை. அது ஒரு கிருமியால் வருகிறது. 1882-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி பெர்லின் பட்டணத்தில் இராபர்ட் காக் என்ற வைத்தியர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாகச் சபையில் எடுத்துக் காட்டினார். நோயாளி இருமும்போது காற்றில் பரவி, பக்கத்தில் இருப்பவர் மூச்சுக்குள் போகிறது. போனவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோர் உடம்பு அதை அடக்கி வைத்துவிடும். யார் உடம்பில் வலு இல்லையோ, யாருக்குச் சோறு போதவில்லையோ, அவர்கள் உடம்பில் கிளம்பிவிடும். ஆகவே குரலின்மீது பழி போடாதீர்கள். வேளைக்குச் சோறில்லாமல், தூக்கமில்லாமல் ஊர் ஊராக அலைகிற வாழ்க்கையில் அந்தக் கிருமிக்கு இடம் கிடைத்தால் விடுமா? பேச்சால் செத்தார் என்று சொல்லிவிட்டால் நம்மேல் பொறுப்பு இல்லாமல் போய்விடுகிறது. தலைவிதி என்று சொல்லுகிற வைதிகருக்கும் இதே சௌகரியம்தான் இருக்கிறது.

அவருக்கு மருந்து இல்லையா என்று கேட்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் ஏற்படுத்திய க்ஷயரோக ஆஸ்பத்திரி இருந்தது. 1937-ல் அதைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஆனால் அக்காலத்து வைத்தியத்தில் பெரும்பகுதி நல்ல காற்று, நல்ல ஆகாரம், ஓய்வு என்பதுதான். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஊசி மருந்து 1943-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தும், நம் நாட்டு ஏழைக்கு அது எட்டாக்கனி. அதுவும் தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரம் அதற்குப் பழகிவிடும். மலிவான ஐசோனியாசிட் மாத்திரை 1952-ல் வந்தது. அழகிரி 1949-ல் செத்தார். மூன்று வருஷம். எமனுக்கு ஓலை வந்துவிட்டது என்பவர்களை நாம் கேட்கிறோம்: 1952-க்குப் பிறகு அந்த ஓலைகள் எல்லாம் எங்கே போய்விட்டன? அதுவரை கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தவர்கள், மாத்திரை வந்தவுடன் பிழைக்க ஆரம்பித்தார்களே, எமன் மருந்துக்கடைக்குப் பயந்துவிட்டானா?

இனி, "சாமியில்லை என்கிற உங்களுக்குச் சாவில் துக்கம் ஏது? நினைவு ஏது?" என்று கேட்கிற வைதிக நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1940-ம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ந் தேதி, பன்னீர்செல்வம் லண்டனுக்குப் போகும்போது அவர் ஏறிய ஆகாய விமானம் ஓமான் கடல் பக்கத்தில் காணாமல் போயிற்று. அப்போது ஈ.வெ.ரா. எழுதிய குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும். மனைவி நாகம்மையார் 1933-ல் இறந்தபோதும், தாயார் 1936-ல் இறந்தபோதும் கலங்காத தம் மனம் இதில் கலங்கிவிட்டதை அவர் ஒளிக்காமல் எழுதினார். இறந்தவர் அவருக்கு ஜாதியா, உறவா? மதமும்கூட வேறு; அவர் கிறிஸ்தவர். துக்கம் என்பது மனிதனுக்கு இயற்கை. அதற்குப் புரோகிதர் உத்தரவு தேவையில்லை. மறு உலகம் உண்டு என்று நம்புகிறவனுக்காவது, போனவனை மறுபடி பார்க்கலாம் என்று ஆறுதல் இருக்கும். நமக்கு அதுவும் இல்லை. போனவன் போனவன்தான். ஆகையால் நம் துக்கம் அவர்கள் துக்கத்தைக் காட்டிலும் பெரியதாக இருக்குமேயொழியக் குறைவாக இருக்க நியாயமில்லை.

கருமாதி, திதி, திவசம் இவைகளைப்பற்றி நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செத்தவன் போகிற வழியில் வெயில் சுடும் என்று புரோகிதருக்குக் குடையும், முள் குத்தும் என்று செருப்பும் கொடுக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அவன் வெறுங்காலோடு வயலில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. குடியானவன் வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாளைக்குள் ஒரு மாடு விற்கப்படும் அல்லது ஒரு நோட்டு எழுதப்படும். இதையெல்லாம் நாம் நூறு வருஷமாகக் கண்டித்துவருகிறோம். பல வீடுகளில் நின்றும் போயிருக்கிறது. சந்தோஷம்.

ஆனால் அந்த இடத்தில் நம்மவர்கள் எதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி. எமது ஊரில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம். ஒரு தையற்காரத் தோழர். முப்பது வருஷத்துக்குமேல் இயக்கத்துக்குக் கொடி தைத்துக் கொடுத்தவர். ஒரு கொடிக்கும் கூலி வாங்கினதில்லை. வெளியூரிலிருந்து பேச வருகிறவர்களுக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. எங்கள் தெருவில் எந்த வீட்டில் சாவு என்றாலும், ஜாதி பார்க்காமல் முதலில் போய் நிற்கிறவரும் அவர். எந்த வீட்டில் கலியாணம் என்றாலும் கடைசியில் சாப்பிடுகிறவரும் அவர். பிள்ளைகள் அவரை "மாமா" என்றே கூப்பிடும். சில வருஷங்களுக்கு முன் அவர் இறந்துபோனார். சடங்கு ஒன்றும் இல்லாமல் அடக்கம் நடந்தது. அந்த அம்மாள் பூவையும் பொட்டையும் எடுக்கவில்லை. உறவினர் சத்தம் போட்டும் அசையவில்லை. அதுவரையில் எல்லாம் நாம் பெருமைப்படத்தக்கதே.

பதினாறாம் நாள் வந்தது. ஏன் பதினாறாம் நாள் என்று கேளுங்கள்! கருமாதிக்கு வைத்த நாளிலேயே படத்திறப்பு. தெருவை அடைத்துப் பந்தல். பெரிய ஃபிளெக்ஸ் தட்டி. அதில் தலைவர்கள் படம் பெரிதாகவும், செத்தவர் படம் ஓரத்தில் சிறிதாகவும். பேசியவர்கள் பதினொரு பேர். அவர்களில் மூன்று பேர், இறந்தவரைத் தாம் நேரில் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே அரைமணி நேரம் பேசினார்கள். அநுதாபத் தீர்மானம் நிறைவேற்றி, எழுந்து நின்று, கலைந்தார்கள். மூன்றாம் வாரம் பந்தல்காரர் கணக்கை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்குப் போனார்? பதினொரு பேச்சாளர் வீட்டுக்கா? அந்த அம்மாள் வீட்டுக்குத்தான் போனார். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, தட்டி எல்லாம் சேர்ந்த கணக்கு. தையல் இயந்திரத்தை விற்று அந்த அம்மாள் கட்டினார்கள்.

நாம் கேட்கிறோம்: புரோகிதர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார், நாம் தையல் இயந்திரத்தை விற்க வைத்தோம் என்று எதிரி சொன்னால் நம் வாயில் என்ன பதில் இருக்கிறது? திதி என்றால் என்ன? குறித்த நாளில், குறித்த ஆட்கள் வந்து, குறித்த வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, செத்தவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்று திருப்தியோடு போவது. மந்திரம் சமஸ்கிருதத்தில் இருந்தால்தான் மந்திரமா? "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்பதும் மந்திரம்தான். இப்போது கைப்பேசியில் இன்னும் சுலபமாகிவிட்டது. செத்த சேதி வந்த அரை நிமிஷத்தில் "ஆழ்ந்த இரங்கல்" என்று நாற்பது பேர் தட்டிவிடுகிறார்கள். நாற்பதில் ஒருவராவது, "வீட்டில் என்ன நிலைமை?" என்று கேட்டாரா என்று பார்த்தால் இல்லை.

அந்தத் தையற்காரர் சங்கதியில் இன்னொரு பாதியும் இருக்கிறது. அதை மறைப்பது நியாயமல்ல. மேடை ஏறாத இரண்டு பேர், ஒருவர் சைக்கிள் கடைக்காரர், மற்றவர் ஒரு பள்ளிக்கூடத்துக் காவல்காரர், தங்களுக்குள் பேசிக்கொண்டு, இறந்தவருடைய மகன் பாலிடெக்னிக் படிப்பை முடிக்கிற வரையில் ஆளுக்கு ஒரு தவணையாகக் கட்டணம் கட்டினார்கள். கூட்டத்தில் இதை யாரும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அந்தப் பையன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான்.

படமே வைக்கக்கூடாது, கூட்டமே போடக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒரு மனிதன் எப்படி வாழ்ந்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடத்தில் புராணக்காரன் கதை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதற்குப் பந்தல் எதற்கு? அழகிரி பேசிய இடங்களில் பாதிக்கு ஒலிபெருக்கியே கிடையாது. செத்தவர் வீட்டுத் திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்து, அவரை நேரில் தெரிந்தவர்கள் மட்டும் பேசினால் போதாதா? பேசி முடிந்ததும், கடன் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனாவது படிக்கிறார்கள், மருந்துக்கடைப் பாக்கி உண்டா என்று ஒரு சிறு நோட்டில் எழுதி, யார் எதை ஏற்பது என்று அங்கேயே முடிவு செய்தால் என்ன கெட்டுப்போய்விடும்?

அழகிரியின் விஷயத்தில் அவர் கடனை நாம் இப்போது கட்டமுடியாது. அவர் வீட்டுக்கு இப்போது அரிசி அனுப்பவும் முடியாது. ஆனால் அவரைக் கொன்ற நோய் இன்னும் சாகவில்லை. அதைப்பற்றி நமக்கு இப்போது தெரிந்திருப்பதை அவர் காலத்தில் யாரும் அறியமாட்டார்கள். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஆரம்பித்தார்கள். அங்கே 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை ஆஸ்பத்திரியில் நல்ல படுக்கையும் நல்ல சாப்பாடும் கொடுத்து வைத்தார்கள். மற்றக் கூட்டத்தைச் சென்னையின் நெரிசலான ஏழைத் தெருக்களில் அவரவர் வீட்டிலேயே வைத்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு ஏறக்குறையச் சமமாகக் குணமானார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அதனால் தொத்தல் அதிகமாகிவிடவில்லை. நோயாளியை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது, தனித் தட்டு, தனி மூலை, பெண் கொடுக்க மறுப்பது என்கிற தீண்டாமையெல்லாம் அன்றைக்கே அர்த்தமற்றதாகிவிட்டது. உலகம் முழுவதும் இந்தச் சென்னைப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. நம் தெருக்கள்தான் இன்னும் முழுவதும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த நிலையத்தின் வழிவந்த சென்னை ஸ்தாபனமும் சேர்ந்து, 2019 முதல் 2022 வரை சார்க்கண்டில் நாலு ஜில்லாக்களில் இன்னொரு சோதனை நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் பத்தாயிரம் பேருக்குமேல். நோயாளிக்கு எல்லா வீடுகளிலும் உணவுப்பொருள் கொடுத்தார்கள். பாதி வீடுகளில் வீட்டார் எல்லோருக்குமே அரிசி, பருப்பு முதலியவை மாதாமாதம் கொடுத்தார்கள். வீட்டார் எல்லோரும் சாப்பிட்ட வீடுகளில், புதிதாக நோய் வருவது ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்தது. 2023-ல் இதை வெளியிட்டார்கள். அரிசியும் பருப்பும்! யாகம் அல்ல, தாயத்து அல்ல, வைத்தீசுவரன் கோவில் உருண்டை அல்ல. மாத்திரையைச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கொடுக்கிறார்கள். அரிசியையும் பருப்பையும் அடுத்த வீட்டுக்காரன் கொடுக்க முடியும். வேளைக்குச் சோறில்லாமல் நோயில் விழுந்த ஒரு மனிதன் பேரால் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமானது எதுவென்று நமக்குத் தோன்றவில்லை.

கலைவாணரைப்பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அழகிரிக்குக் கைகொடுத்த அவரும், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிட்டு, 1957-ம் வருஷம் ஆகஸ்டு 30-ந் தேதி காலமானார். 1908 நவம்பரில் பிறந்தவர். அவருக்கும் வயது 48. (எண் சாத்திரக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு 48-ல் கண்டம் என்று ஆரம்பித்துவிடவேண்டாம், 48-ஐத் தாண்டினவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்.) சென்னை தியாகராய நகரில் அவருக்கு வைத்த சிலையை 1969 ஜனவரியில் திறந்துவைத்தவர் அண்ணாதுரை. அப்போது அவரும் புற்றுநோயால் உருகிப்போயிருந்தார். அதுவே அவர் வந்த கடைசிப் பொது நிகழ்ச்சி. பிப்ரவரி 3-ந் தேதி அவரும் இறந்தார். சிநேகிதரின் சிலையைத் திறக்கச் சாகக்கிடக்கிற மனிதர் எழுந்து வந்தார் என்றால் அதை நாம் சடங்கு என்று சொல்லமாட்டோம். மணியார்டர் ரசீது கேட்டவருக்குச் சிலை திறக்கும் யோக்கியதை இருந்தது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். அழகிரி 1949 மார்ச்சில் இறந்தார். கழகம் இரண்டாகப் பிரிந்தது அதே வருஷம் செப்டம்பரில். ஆகவே இரண்டு தரப்பாரும் அவரைத் தங்களவர் என்கிறார்கள். இரண்டு தரப்பாரும் மாலை போடுகிறார்கள். போடட்டும். ஒரு தரப்பார் ஒரு தெருவில் ஒரு நோயாளி வீட்டுக்கு அரிசி கொடுத்தால், மற்றத் தரப்பார் போட்டிக்கு இரண்டு வீட்டுக்குக் கொடுக்கட்டும். இந்தப் போட்டியில் நாம் யாரையும் கண்டிக்கமாட்டோம்.

வருகிற மார்ச்சு 28-க்கு எம்மைப் பேச அழைத்து இதற்குள் மூன்று ஊர்களிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தோழர்கள் அன்புக்கு நன்றி. எமக்கு வழிச்செலவு வேண்டாம். பந்தலும் வேண்டாம், எம் படம் போட்ட தட்டியும் வேண்டாம். தங்கள் ஊரில் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிற ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்து அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை வாங்கிக் கொடுத்து, மளிகைக்கடை ரசீதைத் தபாலில் அனுப்பவேண்டியது. குடும்பத்தின் பேர் எழுதவேண்டாம். ரசீது வந்த வரிசைப்படி தேதி கொடுக்கப்படும்.